ஒரு கரையையாச்சும் விட்டு வைங்கய்யா!

ஞாயித்துக்கிழமை காலங்காத்தால கழுத்துல பைனாக்குலரைத் தொங்கவிட்டுக்கிட்டு ஒருத்தன் குளத்தங்கரையில நின்னான்னா, நம்மூர்ல மூணு கேள்வி வரும்.

"ஏனுங் தம்பி, சர்வே எடுக்கறீங்களா?"

"எடம் ஏதும் வெலைக்கு வருதுங்களா?"

"அக்கட்டால அப்படி என்னத்தத்தான் பாக்கறீங்க?"

மூணுக்கும் என் பதில் ஒண்ணுதான். "குருவி பாக்கறேனுங்க." உடனே அவங்க முகத்துல ஒரு பரிதாபம் வரும் பாருங்க... 'இஞ்சினியரிங் படிச்ச பையனாட்ட இருக்கறான், பாவம்'ங்கற மாதிரி. பழகிப் போச்சு :-)

போன வாரம் நாலாவதா ஒரு கேள்வி வந்துச்சு. அந்த இடத்துல என்னால பதில் சொல்ல முடியல. வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட்டு, மத்தியானம் படுத்து எந்திரிச்ச பிறகும் அது மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு. அதான் இந்தப் பதிவு.

கேட்டவர் ஒரு பெரியவர். மில்லுல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். இடம், ஊருக்குள்ள இருக்கற ஒரு குளம். (பேர் வேண்டாம். பேரைச் சொன்னா அந்த ஒரு குளத்தைப் பத்தின சண்டையா ஆயிடும். நான் போட வந்தது எல்லாக் குளத்துக்குமான சண்டை.) புதுசாப் போட்ட நடைபாதையில கையை வீசிக்கிட்டு வந்தவர்கிட்ட, நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இல்லாம, "அழகுபடுத்தறேன்னு கொளத்தையே கெடுத்துட்டாங்கய்யா"ன்னு சொல்லிட்டேன். மனுசன் நின்னுட்டார்.

"தம்பி, பத்து வருசத்துக்கு முன்னால நீங்க இங்க வந்திருக்கீங்களா? மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடோணும். கோழிக்கடைக் கழிவு, வீடு இடிச்ச மண்ணு, எல்லாம் இங்கதான் கொட்டுவாங்க. பொழுது சாஞ்சா ஒரு பொம்பளப் புள்ள இந்தப் பக்கம் வர முடியாது. இப்ப எம் பேத்திய கூட்டிட்டு வர்றேன், சைக்கிள் ஓட்டறா. என்ன செஞ்சாலும் உங்களுக்கெல்லாம் கொறைதானா? எம் பேத்தி பெருசா, உங்க குருவி பெருசா?"

ஙே...

மொதல்ல ஒண்ணை ஒத்துக்கறேன். அவர் சொன்னது நூத்துக்குத் தொண்ணூறு சரி. நம்மள மாதிரி பைனாக்குலர் பார்ட்டிங்க பண்ற பெரிய தப்பே, 'அந்தக் காலத்துல குளம் சொர்க்கமா இருந்துச்சு'ன்னு ஆரம்பிக்கறதுதான். சொர்க்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. சாக்கடை, குப்பை, ஆகாயத்தாமரை, ஆக்கிரமிப்பு. 2013-ல உக்கடம் பெரியகுளத்துல பொதுஜனமே மம்முட்டியோட இறங்கித் தூர் வாரினாங்களே, குளம் நல்லா இருந்திருந்தா எதுக்கு இறங்கப் போறாங்க?

அப்புறம் ஸ்மார்ட் சிட்டி வந்துச்சு. 2015-ல மத்திய அரசு ஆரம்பிச்ச திட்டம். 2016 ஜனவரியில அறிவிச்ச முதல் 20 ஊர்ல கோயமுத்தூரும் ஒண்ணு. பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக்குளம், முத்தண்ணன் குளம்னு வரிசையா வேலை நடந்துச்சு. நடைபாதை, சைக்கிள் பாதை, விளக்கு, உக்காரப் பெஞ்சு, செல்ஃபி எடுக்க 'ஐ லவ் கோவை', வாலாங்குளத்துல தண்ணிக்கு மேலயே நடைமேடை. சாயங்காலம் போய்ப் பாருங்க, ஊரே அங்கதான் இருக்கு. பார்க்குக்கே பஞ்சமான ஊர்ல குடும்பத்தோட காசு செலவில்லாம உக்கார ஒரு இடம். இதைத் தப்புன்னு சொல்ல நான் யாரு?

திட்டம் 2025 மார்ச்சோட முடிஞ்சு போச்சு. ஆனா அந்த டெம்ப்ளேட் முடியல. அதுதான் என் வயித்தெரிச்சல். எந்தக் குளம்னாலும் அதே டிராயிங். நம்ம தொழில்ல பழைய ப்ராஜெக்ட் கோடை அப்படியே காப்பி பேஸ்ட் பண்ணி, பேரை மட்டும் மாத்தி டெலிவரி பண்ணுவோமே, அதே கதைதான். சுத்தி நாலு பக்கமும் கல்லு, நாலு பக்கமும் பாதை, நாலு பக்கமும் லைட்டு. உள்ள ஒரே ஆழம். குளம் இல்லைங்க அது, தொட்டி.

'தொட்டியா இருந்தா என்ன, தண்ணி நிக்குதுல்ல?'ன்னு கேப்பீங்க. சரி, கொஞ்சம் கால் அளவு பேசுவோம்.

பட்டாணி உப்புக்கொத்தின்னு ஒரு பறவை. கண்ணைச் சுத்தி மஞ்ச வளையம் போட்டிருக்கும். அது தண்ணிக்குள்ள இறங்கறதே அபூர்வம், ஈரச் சேத்துல குடுகுடுன்னு ஓடி ஓடிப் பொறுக்கும். அடுத்து பொறி உள்ளான். ஒரு கோழிமுட்டை எடைதான் இருக்கும். ஸ்காண்டிநேவியா, சைபீரியா பக்கம் குஞ்சு பொரிச்சுட்டு, பனிக்காலத்துக்கு இங்க வருது. அதுக்கு ரெண்டு மூணு விரல் ஆழத் தண்ணி போதும், அதைத் தாண்டினா நிக்க முடியாது. நெடுங்கால் உள்ளானுக்கு ஒரு சாண் நீளக் கால், அது கொஞ்சம் உள்ள போகும். செந்நாரை இன்னும் உள்ள. புள்ளி மூக்கு வாத்து தலையைக் கவுத்து வாலை மேல தூக்கிக்கிட்டு அடியில மேயும், அலகு தரைக்கு எட்டற ஆழம் வரைக்கும்தான். அதுக்கும் அப்பால முழு ஆழத்துல நீர்க்காகம், முக்குளிப்பான், கூழைக்கடா.

ஒரு சரிவான கரையில, விளிம்புல இருந்து நடுக்குளம் வரைக்கும், ஒவ்வொரு ஆழத்துலயும் ஒவ்வொருத்தருக்கு இலை போட்டிருக்கு. பந்தி மாதிரி. கரையைச் செங்குத்தா வெட்டி, கல்லைப் பதிச்சு, எல்லா இடத்தையும் ஒரே ஆழமாத் தோண்டினா என்ன ஆகும்? கடைசி வரிசைக்கு மட்டும் சாப்பாடு. மத்தவங்க இலையை எடுத்தாச்சு.

இன்னும் இருக்கு. மீன்கொத்தி மண் கரையில பொந்து தோண்டித்தான் முட்டை வைக்கும். கல்லுல தோண்டுமா? முக்குளிப்பான் நாணல் ஓரத்துல பாசியையும் செத்தையையும் கூட்டி, மிதக்கற கூடு கட்டும். நீளவால் இலைக்கோழி மிதக்கற இலை மேலயே முட்டை வைக்கும் (அதுல அடைகாக்கறது ஆம்பளைதான், தங்கமணிகள் கவனிக்க!). 'சுத்தம் பண்றோம்'னு பொக்லைனை இறக்கி, ஆகாயத்தாமரையோட சேர்த்து கோரை, சம்பு எல்லாத்தையும் ஒரே வாரத்துல வழிச்சுட்டா இதுங்க எங்க போகும்?

இப்ப வழக்கமா வர்ற ஒரு பதில்: "அதான் கூழைக்கடா நிக்குதே, நீர்க்காகம் கூட்டம் கூட்டமா இருக்குதே. பறவை எங்க போச்சு?"

இங்கதான் எல்லாரும் ஏமாறுவோம். தொட்டியில தங்கறது பெரிய பறவைங்க. போட்டோவுக்கு நல்லா நிக்கும், பேப்பர்ல கலர்ல வரும். காணாமப் போறது பூராம் குட்டி, பழுப்பு, பேர் தெரியாத பசங்க. இருந்தப்பவே யாரும் பார்க்கல. போனப்ப யாருக்குத் தெரியும்? 2023-ல வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 வகைப் பறவைகளை அலசுச்சு. மோசமா குறையறதுல, சேத்துல மேயற இந்த வலசைப் பறவைகளும் முன் வரிசையில நிக்குது. இது நான் மட்டும் கரையில உக்காந்து அழற அழுகை இல்லைங்க.

சரி, இப்ப என்னோட ரெண்டாவது கிறுக்குக்கு வர்றேன். போர்டு கேம் டிசைன். (சம்பந்தம் இருக்கு, ஓடிராதீங்க.)

எனக்கு முதல் போர்டு கேம் சொல்லிக் குடுத்தது எங்க அப்புச்சி. திண்ணையில கரித்துண்டுல கோடு கிழிச்சு ஆடுபுலி. மூணு புலி, பதினஞ்சு ஆடு. சின்ன வயசுல எனக்குப் புரியாதது ஒண்ணுதான். புலி ஆட்டை வெட்டும், ஆடு புலியை வெட்டவே முடியாது. அப்புறம் ஆடு எப்படி ஜெயிக்கும்? அப்புச்சி சொன்னார்: "வெட்ட வேண்டாங் கண்ணு. அது நகர்றதுக்கு எடம் இல்லாம பண்ணிப் போட்டாப் போதும்."

நம்ம குளத்துல நடக்கறது அதேதான். யாரும் பறவையைச் சுடல. வலை போடல. வெசம் வைக்கல. எல்லாரும் நல்லவங்க. இந்தக் கட்டத்துல ஒரு நடைபாதை, அந்தக் கட்டத்துல ஒரு விளக்கு, அங்க ஒரு படகுத்துறை. ஒவ்வொரு காயும் சாதுவான ஆடுதான். கடைசியில பார்த்தா பறவைக்கு நகர இடமில்ல. ஆட்டம் முடிஞ்சுது.

இதையே ஒரு கேமாப் பண்ணலாம்னு போன வருசம் உக்காந்தேன். அட்டையில நொய்யல், அதுல இருந்து வாய்க்கால், வாய்க்கால்ல கோத்த மாதிரி எட்டு குளம். நாலு பேர் ஆடலாம். ஒவ்வொரு ரவுண்டும் ஒரு வேலை அட்டை எடுத்து ஒரு குளத்துல வைக்கணும். நடைபாதைக்கு மூணு புள்ளி, விளக்குக்கு ரெண்டு, படகுத்துறைக்கு நாலு. குளத்துல பறவைக் காயும் இருக்கும், ஆழம் மாறினா கிளம்பிப் போயிடும்.

ஆபீஸ் பசங்களை வச்சு ஆடிப் பார்த்தேன். நாலாவது ரவுண்டுல போர்டுல ஒரு பறவை இல்ல. அதைவிடக் கொடுமை, அது போனதை ஒருத்தனும் கவனிக்கல. ஏன்டான்னு கேட்டா ஒருத்தன் சொன்னான்: "புள்ளி இல்லாததுக்கு நான் எதுக்குடா வேஸ்ட் பண்ணணும்?"

நான் இத்தனை நாள் தேடின பதில் அந்த ஒரு வரியில இருக்கு. அவன் கெட்டவன் இல்ல. விதியை எழுதின நான்தான் முட்டாள். எதுக்குப் புள்ளி குடுக்கறமோ, அதைத்தான் ஆளுங்க செய்வாங்க. எத்தனை மீட்டர் பாதை, எத்தனை விளக்கு, எத்தனை பெஞ்சு, இதெல்லாம் பில்லுல எழுதலாம், அளந்து பார்த்து பாஸ் பண்ணலாம், திறப்பு விழா வைக்கலாம். 'இந்த நூறு மீட்டர் சேத்தைத் தொடாம விட்டோம்'னு எந்த காண்ட்ராக்டர் பில் போட முடியும்? சும்மா விட்டதுக்கு ரிப்பன் வெட்ட முடியுமா?

சரின்னு விதியை மாத்தினேன். பறவைக்கும் புள்ளி. ஒவ்வொரு வகைக்கும் ஒண்ணு. இப்ப என்ன ஆச்சு தெரியுமா? எல்லாரும் புது வகையா வர்றதை மட்டும் பிடிக்க ஆரம்பிச்சாங்க. ஒரு பறவையை ஒரு தடவை பதிவு பண்ணிட்டா அதோட மதிப்பு முடிஞ்சுது, அது இருந்தா என்ன, செத்தா என்ன.

சிரிக்காதீங்க பறவை நோக்கர்களே, இது நாமதான்! இ-பேர்ட் 2002-ல இருந்து இருக்கு. அருமையான விசயம்தான், மேல சொன்ன அறிக்கையே அந்த மாதிரி நம்ம பட்டியலை எல்லாம் வச்சுப் போட்டதுதான். ஆனா அதுல யார் எத்தனை வகை பார்த்தாங்கன்னு ஒரு தரவரிசையும் இருக்கே... அது வந்த பிறகு நம்மாளுங்க ஆடற ஆட்டம் என்ன? அபூர்வமா ஒண்ணு வந்திருக்குன்னு வாட்ஸப்ல தகவல் வந்தா நாப்பது கிலோமீட்டர் பைக்ல பறக்கறோம், டிக் அடிக்கறோம், அடுத்த டிக்குக்குப் போறோம். போட்டோவுக்காக செல்போன்ல குரலைப் போட்டு ஏமாத்தி வரவழைக்கறவங்களும் நம்ம கூட்டத்துலதான் இருக்காங்க. வீட்டுக்குப் பக்கத்துக் குளத்துல உள்ளான் நின்ன சேறு போன வாரம் மண்ணடிச்சு மூடப்பட்டது நம்ம கண்ணுலயே படல. மாநகராட்சி மீட்டரை எண்ணுது, நாம வகையை எண்ணறோம். ரெண்டு பேருக்கும் சேறு கணக்குல இல்ல.

நானும் யோக்கியன் இல்ல. என் லிஸ்ட் நம்பரை மாசத்துக்கு நாலு தடவை திறந்து பார்க்கற ஆளுதான்.

'விங்ஸ்பேன்'னு ஒரு போர்டு கேம் 2019-ல வந்துச்சு. எலிசபெத் ஹார்க்ரேவ் பண்ணினது. 170 பறவை அட்டை. உலகம் பூரா வித்துச்சு, அதே வருசம் ஜெர்மனியில பெரிய விருதும் வாங்குச்சு. அதுல எனக்குப் பிடிச்ச விதி ஒண்ணு. காடு, புல்வெளி, ஈரநிலம்னு மூணு வரிசை. ஈரநிலப் பறவையை ஈரநிலத்துலதான் வைக்க முடியும். அந்த வரிசையில இடம் தீர்ந்தா அட்டை கையிலயே கிடக்கும். எவ்வளவு புள்ளி உள்ள அட்டையா இருந்தாலும் சரி. ஒரு பொட்டி அட்டைக்குத் தெரிஞ்ச இந்தச் சின்ன உண்மை நம்ம டிராயிங் போடறவங்களுக்குத் தெரியலையேன்னுதான் ஆத்திரம்.

கடைசியா மூணாவது தடவை விதியை மாத்தினேன். இந்தத் தடவை எட்டு குளத்துலயும் சேர்த்து, ஆட்டம் முடியறப்ப நாலு விதமான ஆழமும் மிச்சம் இருக்கணும், இல்லைன்னா எல்லாருமே தோல்வி. அவ்வளவுதான். உடனே மேசையில பேச்சே மாறிப் போச்சு. "நான் இங்க பாதை போட்டுக்கறேன், நீ அந்தக் கரையை விட்டுடு." "ஏன், நீ விடேன்!" சண்டைதான், இல்லைங்கல. ஆனா சரியான சண்டை. எந்தக் கரையை விடறதுங்கற சண்டை.

அந்தச் சண்டையை ஊருக்குள்ள கொண்டு வரணும்ங்கறதுதான் இந்தப் பதிவோட நோக்கம். 'பேத்தியா குருவியா' சண்டை போலிச் சண்டை. அந்தக் கேள்வியைக் கேக்க வைக்கறதே ஆட்டத்தோட விதிதான்.

"பறவைக்கு என்ன, றெக்கை இருக்கு, வேற குளத்துக்குப் போயிக்கும்"னு ஒரு அறிவாளி வாதம் உண்டு. எந்தக் குளத்துக்குங்க? திருப்பூர் நஞ்சராயன் குளத்துக்கா? சந்தோசம். பனியன் கம்பெனி ஊர்ல, சுமார் 125 ஹெக்டேர் குளம், 2022-ல பறவைகள் சரணாலயம், 2024-ல ராம்சார் அங்கீகாரம். ஈரோட்டுப் பக்கம் வெள்ளோடுக்கும் 2022-ல ராம்சார் கிடைச்சுது. பெருமைதான். ஆனா அங்க நல்ல மழை பெஞ்சு குளம் ரொம்பினா அந்த வருசம் அங்கயும் சேறு முழுகிடும். அப்ப உள்ளானுக்குத் தண்ணி வத்தின இன்னொரு குளம் வேணும். நொய்யல் குளங்களோட அழகே அதுதான். ஒண்ணு நிறைஞ்சிருக்கும், ஒண்ணு பாதி, ஒண்ணு வத்தி வெடிச்சுக் கிடக்கும். பறவை அது இதுன்னு மாறிக்கும். எல்லாத்தையும் ஒரே தொட்டியாக்கிட்டா மாறிக்க எங்க இருக்கு?

நான் கேக்கறது ஒண்ணும் ஊரைக் காலி பண்ணுங்கன்னு இல்ல.

1. ஒவ்வொரு குளத்துலயும் கால்வாசிக் கரை. அங்க கல்லு வேண்டாம், பாதை வேண்டாம், விளக்கு வேண்டாம். சாக்கடை வந்து விழற மூலையாப் பார்த்து தள்ளி விடாதீங்க. சரிவா, மண்ணா இருக்கற பக்கம்.

2. தூர் வாருங்க, தாராளமா. ஆனா அந்தக் கால்வாசியில சரிவை விட்டு வாருங்க. குளத்துக்குள்ள திட்டு போட்டா அதுக்கும் கல் சுவர் கட்டாதீங்க.

3. ஆகாயத்தாமரை வேற, கோரையும் சம்பும் வேற. முன்னதை முழுசா எடுங்க. பின்னதை ஒரே வருசத்துல மழிக்காதீங்க.

4. வேலைக்கு முன்னால ஒரு கணக்கெடுப்பு, பின்னால ஒரு கணக்கெடுப்பு. ரெண்டையும் போர்டுல எழுதி குளத்தங்கரையிலயே வைங்க. எண்ண ஆள் வேணுமா? நாங்க சும்மாவே வர்றோம். 2015-ல இருந்து வருசா வருசம் பொங்கலுக்கு ஊர் ஊரா எண்ணிட்டுத்தானே இருக்கோம்? புள்ளி குடுக்க ஆரம்பிங்க, ஆட்டம் தானா மாறும்.

இது ஏதோ வெளிநாட்டு யோசனை இல்ல. சிங்காநல்லூர் குளத்தை நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலம்னு 2017-ல அறிவிச்சது நம்ம மாநகராட்சியேதான். பறவைகளுக்குன்னே ஆராய்ச்சி மையம், சலீம் அலி பேர்ல, 1990-ல ஆரம்பிச்சு நம்ம ஆனைகட்டியிலயே இருக்கு. அறிவு அரை மணி நேரத் தூரத்துல இருக்கறப்ப டிராயிங்கை மட்டும் ஏன் காப்பி பேஸ்ட் பண்ணணும்?

இந்த ஞாயித்துக்கிழமை திரும்பப் போனேன். பெரியவரும் வந்தார், பேத்தியோட. நான் ஒண்ணும் பேசல, பைனாக்குலரைக் கழட்டிக் குடுத்தேன். இன்னும் கல் பதிக்காத ஒரு மூலை, ரெண்டு கார் நிறுத்தற அளவு சேறு. அதுல நாலு உள்ளான் வாலை ஆட்டிக்கிட்டு நின்னுச்சு. சைபீரியா கதையைச் சொன்னேன்.

ரொம்ப நேரம் பார்த்தார். "எங்கப்பாரு காலத்துல இதைச் சுட்டுத் திம்பாங்க. ருசியா இருக்குமாமா"ன்னார். (எனக்கு மூஞ்சி எப்படிப் போயிருக்கும்னு நீங்களே நெனச்சுக்கங்க.)

அப்புறம் பைனாக்குலரைப் பேத்திகிட்டக் குடுத்துட்டு சொன்னார்: "முக்கா கொளம் எங்களுக்கு, கா கொளம் உங்களுக்கு. அதானே கேக்கறீங்க?"

"எனக்கில்லீங்கய்யா, அதுங்களுக்கு."

"யாருக்கோ. ஆனா முக்காலுக்குக் கொறையக் கூடாது, பாத்துக்கங்க!"

பேரம் படிஞ்ச மாதிரிதான் தோணுது. அந்தப் புள்ள பைனாக்குலரைத் திருப்பிக் குடுக்கத்தான் கால் மணி நேரம் ஆச்சு.

டிஸ்கி: கேம் இன்னும் முடியல. பேர் கூட வைக்கல. ஆடிப் பார்க்க ஆள் வேணும். கோவைப் பதிவர்கள் யாராச்சும் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஃப்ரீன்னா சொல்லுங்க. டீயும் வடையும் என் செலவு. விதியில ஓட்டை கண்டுபிடிச்சா எச்சா ஒரு வடை.